டீக்கடைக்கு எப்படிப் போவது?

கேள்வி: வழக்கறிஞர் அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 28. சொந்த ஊர் தென்மாவட்டத்தில் ஒரு கிராமம், வேலை ஓசூரில். என் தங்கை (24) திருச்சியில் நர்ஸாக இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் லேப் டெக்னீசியன் ஒருவரை விரும்புகிறாள். வேறு சாதி. விஷயம் வீட்டுக்குத் தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. “இது நம்ம பண்பாட்டுலயே கிடையாது, வெட்டிப் போட்டாலும் தப்பில்ல” என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்புகிறார் சித்தப்பா. ரூமில் கூடத் தங்கியிருக்கும் நண்பன் வேறு மதம். “உங்க மதமே அப்படித்தான்டா” என்கிறான். நான் யாரையும் கை நீட்டி அடிக்கக்கூட மாட்டேன். ஆனால் இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. மாமா தினமும் போன் பண்ணி, “நீ போய் அவள ஊருக்குக் கூட்டிட்டு வா, உக்காந்து பேசிக்கலாம்” என்கிறார். ஆணவக் கொலை என்பது பண்பாட்டிலிருந்து வருகிறதா, மதத்திலிருந்து வருகிறதா? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி,

கேள்வியைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். என்னை உறுத்தியது அதற்கு முந்தைய வரி. மாமா சொல்கிறார் என்று தங்கையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இந்த வாரம் வேண்டாம், கோயில் கொடைக்கும் வேண்டாம், அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தாலும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தை நாளைக்குப் படித்தாலும் சரிதான்.

இனி உங்கள் நண்பனுக்குப் பதில்.

மதம்தான் காரணம் என்றால் இந்தக் கொலை ஏதாவது ஒரு மதத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். 2018 மே மாதம் கேரளத்தில் கோட்டயத்துக்காரரான ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். தலித் கிறிஸ்தவர். பெண்ணின் அப்பாவும் கிறிஸ்தவர்தான். பெண்ணின் பெற்றோரே மதம் கடந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று அப்போதே செய்திகள் வந்தன. தாங்கள் தாண்டிய வேலியைவிட மகள் தாண்டியது அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது. பெண்ணின் அண்ணன் ஆட்களோடு வந்து ராத்திரியில் அந்தப் பையனைத் தூக்கிப்போனார். அடுத்த ஆண்டு கோட்டயம் நீதிமன்றம் அந்த அண்ணன் உட்படப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அதை ஆணவக் கொலை என்றே தீர்ப்பில் சொன்னது.

2007இல் ஈராக்கின் பஷீகா ஊரில் 17 வயதுப் பெண்ணொருத்தியைக் கூட்டமாகச் சேர்ந்து கல்லால் அடித்துக் கொன்றார்கள். செல்போனில் படமும் எடுத்தார்கள். அவள் யஸீதி மதத்தைச் சேர்ந்தவள். காதலித்தது ஒரு முஸ்லிம் பையனை. 2016இல் பாகிஸ்தானில் சமூக ஊடகத்தில் புகழ்பெற்றிருந்த கந்தீல் பலோச்சைக் கழுத்தை நெரித்துக் கொன்றது அவரது சொந்தத் தம்பி.

பாகிஸ்தானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே மதத்தைவிடச் சட்டம் செய்த வேலை பெரிது என்பது என் எண்ணம். 1990இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, கொலையானவரின் வாரிசுகள் மன்னித்துவிட்டால் கொன்றவர் தப்பிக்கலாம். வெளியாள் கொன்றால் இதற்கு ஒரு பொருள் உண்டு. கொன்றது அண்ணன், மன்னிக்கவேண்டியது அப்பா என்றால்? ஒரே வீட்டில், ஒரே தட்டில் சோறு தின்னுகிறவர்கள் கொலையையும் மன்னிப்பையும் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். கந்தீல் கொலைக்குப் பிறகு, 2016 அக்டோபரில், மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படியும் 2022இல் பெற்றோர் மன்னித்ததைத் தொடர்ந்து அந்தத் தம்பியை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. திருக்குர்ஆனைப் பார்த்தால், ஒரு பெண்ணின் கற்பின்மேல் பழி சொல்கிறவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் அவனுக்கு 80 கசையடி என்றிருக்கிறது. தம்பிமார் கையில் கயிற்றை அது கொடுக்கவில்லை.

ஐரோப்பாவும் விலக்கில்லை. இத்தாலியில் 1981 வரை சட்டப் புத்தகத்திலேயே இருந்தது: மனைவி, மகள், சகோதரி இவர்களில் ஒருவர் தகாத உறவில் இருப்பதைக் கண்டு, மானம் போன ஆத்திரத்தில் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, அவ்வளவுதான். ஜோர்டான் தண்டனைச் சட்டத்தின் 340ஆவது பிரிவு இதே மாதிரி சலுகைக்காகப் பேர்போனது. மதச் சட்டம் போலிருக்கிறது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதன் வேர் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது. பிரான்ஸ் தன் பிரிவை 1975இல்தான் நீக்கியது.

சரி, நம் மதத்துக்குள்ளேயே வருவோம். 2007இல் ஹரியானாவின் கைத்தல் மாவட்டத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோய்க் கொன்று கால்வாயில் வீசினார்கள். இருவரும் ஒரே சாதி, ஒரே மதம். குற்றம் என்னவென்றால் ஒரே கோத்திரம். ஒரே கோத்திரத்துப் பெண்ணும் பையனும் அண்ணன் தங்கை முறை என்று அங்கே சாதிப் பஞ்சாயத்து சொன்னது. இந்து திருமணச் சட்டம் ஒரே கோத்திரத் திருமணத்தைத் தடுக்கவே இல்லை. இப்போது நம் பக்கம் பாருங்கள். மாமன் மகள் நமக்கு உரிமை. அக்கா மகளைக் கட்டுவது பல சாதிகளில் மரியாதை. முறைப்பையனைக் கேட்காமல் பெண்ணை வெளியே கொடுத்தால் மணமேடையில் சண்டை நடக்கும். அந்த ஹரியானா பஞ்சாயத்துக்காரர்களை உங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குக் கூட்டி வந்தால் பாதிப் பேர் மயக்கம் போட்டு விழுவார்கள். அவர்கள் கணக்குப்படி மாமன் மகள் தங்கை. ஒரே இந்து மதம்தானே? 1955இல் சட்டம் எழுதியவர்களுக்கே இது சிக்கலாகத்தான் இருந்தது. நெருங்கிய உறவில் திருமணம் கூடாது என்று எழுதிவிட்டு, வழக்கம் இருந்தால் கூடும் என்று சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் முறையாக இருப்பது இன்னொரு பக்கத்தில் உயிரை எடுக்கிற பாவம்.

ஆக, “உங்க மதமே அப்படித்தான்” என்று நண்பன் சொல்வது தவறு. ஆனால் “மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை” என்று நீங்கள் பதிலுக்குச் சொன்னால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாதியைக் கடைப்பிடிக்கிற மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அதைப் புனிதம் என்று சொல்லிக்கொடுக்கும் சாஸ்திரங்களின் மேலுள்ள நம்பிக்கை போக வேண்டும் என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். அதற்கு இன்றுவரை எனக்கு மறுப்புக் கிடைக்கவில்லை. மேல் வருணத்துப் பெண் கீழ் வருணத்து ஆணைச் சேர்வதை மனுநீதி தனியாக ஒரு பெயர் வைத்து இழிவுபடுத்துகிறது. இந்தக் கொலைகளில் பெரும்பாலும் செத்தது பெண்ணின் குடும்பத்தைவிடத் “தாழ்ந்தவன்” என்று சொல்லப்பட்ட பையனும் அவனை நம்பி வந்த பெண்ணும்தான் என்பது தற்செயல் இல்லை. மற்ற மதங்களும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. உங்கள் தங்கை வேலை பார்க்கிற திருச்சியிலேயே, மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில், தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர். செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக்கூடாது.

அப்புறம், சித்தப்பா. “நம்ம பண்பாட்டுலயே கிடையாது” என்கிறாரே, அவரிடம் சங்க இலக்கியமான கலித்தொகையில், பாலைக்கலிப் பகுதியில் ஒரு பாட்டு இருக்கிறது என்று சொல்லுங்கள். காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிச் செவிலித்தாய் காட்டுவழியில் ஓடுகிறாள். எதிரே குடையும் முக்கோலும் கரகமுமாக அந்தணர்கள் வருகிறார்கள். “என் மகளும் ஒருத்தி மகனும் இப்படிப் போனார்களா, பார்த்தீர்களா?” என்று கேட்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள். சந்தனம் மலையில்தான் பிறக்கிறது, பூசிக்கொள்பவருக்கு அல்லாமல் மலைக்கு அதனால் என்ன? முத்து கடலில் பிறக்கிறது, அணிபவருக்கு அல்லாமல் கடலுக்கு என்ன? யாழில் பிறக்கிற இசை யாழுக்கு என்ன செய்யும்? உன் மகளும் அப்படித்தான், அவளைத் தேடி வருத்தப்படாதே, அவள் போனது அறத்தின் வழி என்று சொல்லி அனுப்புகிறார்கள். கலித்தொகையில் ஒன்பதாவது பாட்டு. உடன்போக்கு என்று அதற்கு ஒரு துறையே வைத்திருந்த மொழி இது. சங்க காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டில் நடந்தது தெருவில் நடந்திருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் பண்பாடு என்று சித்தப்பா அலமாரியைத் திறந்தால் அதற்குள் இதுவும்தான் இருக்கிறது.

வேறு சிலவும் இருக்கின்றன. ஆரியமாலாவைக் காதலித்ததற்காகக் காத்தவராயனைக் கழுவில் ஏற்றியதாகக் கதை. அதே காத்தவராயனைச் சாமி என்று கும்பிடுகிறோம். கழுமரம் ஏறும் சடங்கை வருஷா வருஷம் நடத்துகிற கோயில்கள் உண்டு. உங்கள் தென்மாவட்டங்களில் வீட்டு மூலையில் சேலையும் வளையலும் வைத்துக் கும்பிடும் கன்னித்தெய்வத்தின் கதையை வயதான அத்தையிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். எல்லா வீட்டிலும் இல்லை. ஆனால் சில வீடுகளில் பாட்டிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். அவளை யார் கொன்றது என்ற இடம் வந்ததும் “அது எதுக்கு இப்ப” என்பார்கள். பண்பாடும் மதமும் எனக்குப் பிரித்தறிய முடியாமல் போகிற இடம் இதுதான். கொன்றவர்களின் பேரன்மார் கும்பிடுகிறார்கள். கொலைக்கு முன்னால் யாரும் சாமியிடம் போய் அனுமதி கேட்டதாகக் கதையில் இல்லை. சாமி வந்தது பிறகு, பயத்தில்.

நான் பார்த்த வழக்குக் கட்டுகளிலும் அப்படித்தான். 2015 ஜூனில் திருச்செங்கோட்டில் ஒரு தலித் மாணவரைக் கடத்தினார்கள். கூடப் படித்த, வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் காரணம். கடத்திய இடம் மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயில். தன் உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்த கடவுளின் வாசல். மறுநாள் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடைத்தது. அந்த வழக்கில் கோயிலின் பங்கு என்ன தெரியுமா? அங்கே இருந்த கண்காணிப்புக் கேமரா. பலர் பிறழ்சாட்சி ஆனபோது அது ஆகவில்லை. 2022இல் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்து, பிறகு பெரும்பாலும் அதை உறுதிசெய்தார்கள்.

அப்படியென்றால் எங்கிருந்துதான் வருகிறது என்கிறீர்களா? எனக்குத் தெரிந்ததை ஒரு ஆளைக் காட்டிச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சப்பை. மகள் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய் நாலு நாள் ஆகியிருந்தது. பைக்குள் மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து ஆதார் கார்டு வரை எல்லாம் இருந்தன. “ரேஷன் கார்டுல பேரை எடுக்கணும், சொத்துல பங்கு கிடையாதுன்னு எழுதணும்” என்றார். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: இதில் உங்களுக்கு எது தாங்க முடியவில்லை, சாமி குத்தம் ஆகிவிடும் என்று நினைக்கிறீர்களா? அவர் சிரித்தேவிட்டார். “சாமிகிட்ட நான் பேசிக்குவேன் மேடம். சாமி என்ன சொல்லப் போகுது? காலைல அஞ்சரைக்கு டீக்கடைக்குப் போவேன், முப்பது வருஷமா. நாலு நாளா போகல. எப்படிப் போவேன், சொல்லுங்க?”

இதுதான் தம்பி. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஏழெட்டுப் பேர். சீர் செய்யவும் சாவுக்கு வரவும் கடன் கொடுக்கவும் பெண் கொடுக்கவும் அவர்கள்தான். அவர்கள் பேச்சை நிறுத்தினால் அடுத்த மகளுக்கு வரன் வராது, தண்ணீர்ப் பாய்ச்சலில் முறை கிடைக்காது, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. தனக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் சாதியின் சாரம் என்று 1916இல், இருபத்தைந்து வயதில், அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சொன்னார். அந்த வட்டத்தை விட்டு ஒரு பெண் வெளியே கால் வைத்தால் வட்டமே இல்லை என்றாகிவிடும். அதனால்தான் ஆணுக்குக் கிடைக்கும் மன்னிப்பு பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. கூடவே மண்ணும் இருக்கிறது. 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது, 2005இல் நாடு முழுக்க. அதுவரை மகள் போனால் மானம் மட்டும் போகும். இப்போது கூடவே கால் ஏக்கரும் போகும். மாமன் மகனுக்கே கட்டிக்கொடுப்பதன் பாதி ரகசியமும் அந்தக் கால் ஏக்கரில்தான் இருக்கிறது. என் அறையில் மானம், மரபு என்று தொடங்குகிற பேச்சு இருபதாவது நிமிஷத்தில் “அவளுக்குப் பங்கு உண்டாம்மா?” என்று வராமல் போனது ரொம்பக் குறைவு. அந்த மஞ்சப்பைக்காரரும் இரண்டாவது வாக்கியத்திலேயே கேட்டுவிட்டார், கவனித்திருப்பீர்கள்.

இன்னொன்று. மேலே நான் சொன்ன வழக்குகளைத் திரும்பிப் பாருங்கள். கோட்டயத்தில் அண்ணன். பாகிஸ்தானில் தம்பி. கைத்தல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களிலும் பெண்ணின் அண்ணன் உண்டு. 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட ஜோடிக்கு விஷம் கொடுத்து எரித்தார்கள். பெண்ணைக் கொன்றது அவளைப் பெற்ற வீடு. அந்த வழக்கில் தூக்குத் தண்டனை வாங்கியது அவளுடைய அண்ணன். தீர்ப்பு வர 18 வருஷம் ஆனது. 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. வழக்கை மூடி மறைக்கப் பார்த்த காவல்துறையினரும் சேர்ந்து தண்டனை வாங்கினார்கள். 2025 ஜூலையில் திருநெல்வேலியில் சென்னை மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானது அவர் பழகிய பெண்ணின் தம்பி, வயது இருபதுகளில். வழக்கு நடக்கிறது. “அப்பா அம்மா உங்ககிட்ட பேசணும்னு சொன்னாங்க” என்று பைக்கில் கூட்டிப்போனதாகத்தான் காவல்துறை சொல்கிறது.

இதையெல்லாம் நான் அண்ணன் தம்பி என்று தேடித் தேடி எடுக்கவில்லை. எழுதிக்கொண்டு வரும்போதுதான் வரிசையாக நிற்பது தெரிந்தது. பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். “நீயெல்லாம் ஆம்பளையா” என்று ஒரு இளவட்டத்தைப் பார்த்துக் கேட்பார்கள். அப்புறம் அவன் ஜெயிலுக்குப் போவான், அவர்கள் டீ குடிப்பார்கள். உங்கள் மாமா ஏன் தானே திருச்சிக்குப் போகாமல் உங்களைப் போகச் சொல்கிறார் என்று யோசித்தீர்களா? அவர் கூப்பிட்டால் தங்கை வரமாட்டாள். அண்ணன் கூப்பிட்டால் வருவாள். அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, அவளுடைய நம்பிக்கை. அதைத்தான் கடன் கேட்கிறார்கள். மாமா மனதில் அப்படி எதுவும் இல்லாமல்கூட இருக்கலாம், பேசித்தான் தீர்க்க நினைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த வீட்டுக்குள் அவளை விட்டபிறகு என்ன நடக்கும் என்பதை மாமா மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. ஏதாவது நடந்தால் “நான் கூட்டிட்டு மட்டும்தான் வந்தேன்” என்பது நீதிமன்றத்தில் நிற்காது. கூட்டுச் சதி என்ற பிரிவு அப்படிக் கூட்டி வந்தவர்களுக்காகவும்தான் இருக்கிறது.

பேச வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள் திருச்சிக்கு வரட்டும். பகலில், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், அல்லது அவள் ஹாஸ்டல் வரவேற்பறையில், ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில். பையனையும் தனியாக யாரும் கூப்பிட்டுப் போகக் கூடாது என்று தங்கை மூலமாகச் சொல்லிவையுங்கள்.

வாட்ஸப் குரூப்பிலிருந்து வெளியே வராதீர்கள். கோபம் வரும், அடக்கிக்கொண்டு உள்ளேயே இருங்கள். ஏதாவது திட்டம் போட்டால் முதலில் தெரியப்போவது உங்களுக்குத்தான். “வெட்டிப் போட்டாலும் தப்பில்ல” என்ற சித்தப்பாவின் குரல் பதிவை அழிக்காமல் ஒரு நகல் வேறு இடத்தில் வையுங்கள். சட்டப்படி அது மிரட்டல்.

2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: வயது வந்த இருவர் மணம் முடிக்க முடிவு செய்தால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை. ஆபத்து இருக்கிறது என்று வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு கொடுப்பது காவல்துறையின் கடமை, பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கு இரண்டு வருஷம் முன்பே உயர் நீதிமன்றம் இப்படிப் பிரிவுகள் அமைக்கச் சொல்லியிருந்தது. காகிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கும். ஸ்டேஷனுக்குப் போனால் “வீட்ல ஒருதடவை பேசிப் பாருங்கம்மா” என்றுதான் ஆரம்பிப்பார்கள், சிலசமயம் அவர்களே வீட்டுக்குப் போனும் போட்டுவிடுவார்கள். அதனால் தங்கை தனியாக ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். ஒரு வழக்கறிஞரோடு திருச்சி காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மூலமாக மனு கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் அவள் போனில் இருக்கட்டும். வீட்டிலிருந்து யாராவது “பெண்ணைக் காணவில்லை” என்று புகார் கொடுத்தால் பயப்படாமல் நேரில் வந்து, நான் வயது வந்தவள், என் விருப்பப்படி இருக்கிறேன் என்று வாக்குமூலம் கொடுத்தால் போதும். அவளை யாரும் பெற்றோரோடு அனுப்பிவைக்க முடியாது. தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. அதற்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இருக்கிற சட்டமே போதுமானது.

கல்யாணம் என்று முடிவானால் ஒரு விஷயம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி போனால் 30 நாள் நோட்டீஸ், பதிவாளர் அலுவலகப் பலகையில் பெயர் விலாசத்தோடு ஒட்டுவார்கள். மிரட்டல் இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு அந்த முப்பது நாள் நல்லதில்லை. பையனும் இந்து என்றால் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாம். 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த 7-ஏ பிரிவு: ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம், சாட்சிக்கு நண்பர்களோ உறவினர்களோ இருக்க, ஒருவருக்கொருவர் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மதமா பண்பாடா என்று கேட்டீர்களே, கடவுளே இல்லை என்றவர்கள் கண்டுபிடித்த கல்யாணம் இந்து திருமணச் சட்டத்துக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அப்புறம் 90 நாளுக்குள் பதிவு செய்ய மறக்க வேண்டாம்.

பையன் எந்தச் சாதி என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. அவர் பட்டியல் சாதியாக இருந்து, உங்கள் குடும்பம் இல்லையென்றால், அவருக்கு வரும் மிரட்டலுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும் என்பதை மட்டும் சித்தப்பா காதில் விழுகிற மாதிரி ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அந்த மஞ்சப்பைக்காரர் என்ன ஆனார் என்று நினைப்பீர்கள். ரேஷன் கார்டில் பெயர் எடுக்க அன்றைக்கு நான் எதுவும் செய்து கொடுக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை என்று எழுதுவது செல்லாது என்றதும் முகம் சுருங்கிப் போய்விட்டார். ஒன்றரை வருஷம் கழித்து, வேறு ஒரு நிலத் தகராறுக்காக வந்தார். டீக்கடைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். “அந்தக் கடைக்கு இல்ல மேடம். பக்கத்து ஊர்ல ஒரு கடை இருக்கு, மூணு கிலோமீட்டர், சைக்கிள்ல போயிட்டு வந்துருவேன். டீ சுமார்தான்.” மகளோடு பேசுகிறாரா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் செல்போனை எடுத்து ஒரு குழந்தையின் படத்தைக் காட்டினார். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை.

உங்கள் அம்மா சரியாகச் சாப்பிடாததற்குக் காரணம் தங்கை மேல் கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கென்னவோ அந்த வீட்டில் நடக்கிற பேச்சு முழுவதும் அவர் காதில் விழுகிறது என்று தோன்றுகிறது. அடுத்த முறை மாமா கூட்டிட்டு வா என்று சொல்லும்போது சரி என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஓசூருக்கு. மருத்துவரிடம் காட்டணும் என்று காரணம் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு பத்து நாள் அவர் அந்தச் சமையலறையை விட்டு வெளியே இருக்கட்டும், தங்கையோடு போனில் பேசட்டும். திருச்சியில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். தங்கை இந்த வாரமே அவரைப் போய்ப் பார்க்கட்டும். சித்தப்பாவின் குரல் பதிவை அவருக்கும் அனுப்பிவையுங்கள்.